குலுக்கலில் இல்லாத அறுபத்து மூன்று பேர்

இன்னொருவர் எழுதிய ப்ரோகிராமைப் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு உங்களில் சிலருக்கு இந்த ஆண்டு வந்திருக்கிறது. எழுதுகிற வேலையைவிட இது லேசானது என்று நினைத்துத்தான் நானும் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பொறுப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். போட்ட கையெழுத்துகளில் பெரும்பாலானவை நினைவில் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதரின் இடது கண் போயிற்று. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சிறிய கணிப்பொறி மையத்தில் நான் வேலை பார்த்தேன். சுரங்கத்தில் ஆள் வைத்து வேலை செய்யும் கான்ட்ராக்டர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். மேனேஜர், நான், ப்ரோகிராம் எழுத தமயந்தி, தகவல்களைத் தட்டச்சு செய்ய நான்கு பேர், ஒரே ஒரு மெஷின். மெஷின் இருந்த அறையில் மட்டும் ஏ.சி. உண்டு. வெளியே ஜன்னல் கட்டையில் காலையில் துடைத்த கரித்தூள் மத்தியானத்துக்குள் மறுபடி படிந்திருக்கும்.

தமயந்தி விருதுநகர்க்காரர். அவருடைய அப்பா எலெக்ட்ரீஷியன் வேலைக்காக இங்கே வந்தவர். தமயந்தி வளர்ந்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். என்னைவிட நன்றாக எழுதுவார். இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த ஆண்டு, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை பெர்மனென்ட் ஆக்குவது என்று முடிவானது. ஆறு பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில்தான் வேலைகள் இருந்தன. சீனியாரிட்டி பார்க்க வழியில்லை. கான்ட்ராக்டர்களின் பதிவேடுகளை யாரும் நம்பவில்லை. குலுக்கல்தான் என்று எல்லா யூனியன்களும் ஒத்துக்கொண்டன. பானையில் சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, கை விடுகிறவன் யாருடைய ஆள் என்ற கேள்வி வந்தது. கடைசியில் மெஷினிடம் விடுவோம் என்றார்கள். மெஷினுக்கு ஜாதி கிடையாது, மச்சான் மாமன் கிடையாது என்று ஒரு யூனியன் தலைவர் மேடையிலேயே பேசினார். அந்த வேலை எங்கள் மையத்துக்கு வந்தது.

குலுக்கல் நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்ட ஒவ்வொருவருக்கும் மெஷின் பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கொடுக்கும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், மேலே நிற்பவர்களுக்கு வேலை. எண் ஏன் அவ்வளவு பெரியது என்றால், இரண்டு பேருக்கு ஒரே எண் வந்து சண்டை வரக்கூடாது என்பதற்காக. எங்கள் மெஷின் ஒரு தடவைக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான் எண் தரும். அதனால் எனக்கு முன்னால் அந்த மையத்தில் இருந்த ஒருவர், இலக்கம் இலக்கமாகப் பன்னிரண்டு தடவை கேட்டு, சேர்த்து, ஒரு பெரிய எண் செய்யும் ப்ரோகிராமை எழுதி வைத்திருந்தார். அப்படிச் செய்த எண் ஏற்கெனவே யாருக்காவது போயிருக்கிறதா என்று டிஸ்க்கில் தேடிப்பார்க்கும். போயிருந்தால் வேறு எண் எடுக்கும். பிறகுதான் பெயரை எழுதும். ஊர் ஊராகக் கட்டிவந்த விண்ணப்பங்களை, கட்டு கட்டாக இப்படி நகர்த்தும்.

ஒத்திகை பார்த்தபோது இதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. அதுவும் பாதியில் கரண்ட் போய் மறுபடி ஆரம்பித்தோம். ஊருக்கெல்லாம் மின்சாரம் செய்து அனுப்பும் இடத்தில் எங்கள் தெருவுக்கு அடிக்கடி கரண்ட் போகும். நிஜக் குலுக்கலில், ஆயிரக்கணக்கான பேர் வெளியே வெயிலில் நிற்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று மேனேஜர் கேட்டார். முதல் தடவை வந்த முடிவு பிடிக்காமல் இரண்டாம் தடவை ஓட்டினார்கள் என்று ஒருவன் சொன்னால் போதும், கல் பறக்கும். அவர் பயம் நியாயமானது. பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தமயந்தியிடம் சொன்னார்.

தமயந்தி நான்கு நாளில் முடித்தார். பன்னிரண்டு தடவை கேட்பதற்குப் பதில் மூன்று தடவை கேட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கம் எடுத்துச் சேர்த்தார். எல்லா ஊர்களுக்கும் எண்களை முதலில் மெஷினின் நினைவிலேயே தயாரித்துவிட்டு, கடைசியில் மொத்தமாக டிஸ்க்கில் எழுத வைத்தார். மூன்று மணி நேரம் பதினெட்டு நிமிஷமாகக் குறைந்தது. பேப்பர் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் மிகுந்த கவனத்தோடு பார்த்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஏனோதானோ என்று பார்த்துத் தவறவிட்டேன் என்றால் உங்களிடம் சொல்வது சுலபம், கவனமாகப் பாருங்கள் என்று முடித்துவிடலாம். நான் ஒரு குறையைக் கண்டும் பிடித்தேன். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து கடைசி நான்கு இலக்கத்தை வெட்டி எடுத்தால், சிறிய எண்கள் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக வரும். அதைச் சொன்னதும் தமயந்தியின் முகம் சுண்டிப்போனது. அரை மணி நேரத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வருவதைத் தள்ளிவிடும்படி மாற்றிக் கொண்டுவந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. பின்னால் யோசித்துப் பார்த்தால், அந்தக் குறை யாரையும் பாதித்திருக்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சாய்ந்திருக்கும். ஒன்றைப் பிடித்துவிட்ட திருப்தியில் என் பென்சில் அதன் பிறகு மெதுவாகத்தான் நகர்ந்தது.

அப்போது தமயந்தி இன்னொன்று கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் டிஸ்க்கில் தேடிப் பார்ப்பதிலேயே மீதி நேரம் போகிறது என்றார்.

"பன்னிரண்டு இலக்கம் சார். நாலாயிரம் பேருக்குள்ள ரெண்டு எண் ஒண்ணா வர வாய்ப்பே இல்லையே. இந்தத் தேடலை எடுத்துடலாமா? எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அதான் கேக்குறேன்."

நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வாய்ப்பு இருந்தது. ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. எடுத்துடுங்க என்றேன். பதினெட்டு நிமிஷம் ஏழானது. ஒரே ஒரு ஊர்க் கட்டை வைத்துச் சோதித்தோம். பழைய ப்ரோகிராம் தருவது போலவே எண்கள் அழகாகச் சிதறி வந்தன. கையெழுத்துப் போட்டேன்.

குலுக்கல் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. யூனியன்காரர்கள் ஆறு பேர் மெஷின் அறைக்குள் நின்றார்கள். ஏழு நிமிஷத்தில் ப்ரிண்டர் பேப்பரைத் துப்பத் தொடங்கியது. கரண்ட் போகவில்லை. வெளியே பெயர் வாசிக்க வாசிக்கச் சத்தம். மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயதுக்காரர், பெல்ட்டுக்கு அடியில் வேலை செய்கிறவர், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். காது மடலில்கூடக் கரி. பெயர் கலியபெருமாள் என்றார். காடாம்புலியூர் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த ஊரிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களின் விண்ணப்பங்களையெல்லாம் வாங்கி, ஒரே கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அறுவத்தி மூணு பாரம் சார். நான்தான் வூடு வூடா போயி வாங்கிக்கினு வந்து குடுத்தன். ஒருத்தன் பேரு கூட வரலீங்க. வெயிட்டிங் லிஸ்ட்லயும் கெடையாது. நீ பாரத்தக் குடுத்தியா இல்ல வழியில போட்டுட்டியான்னு ஊர்ல கேக்கறாங்க."

சுரங்கத்தின் மனிதவள அலுவலகத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னேன். அங்கே போய்விட்டுத்தான் வருகிறார், எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வேலை கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொன்னார்.

"எங்க பேருங்க மிஷின்ல ஏறுச்சா இல்லியான்னு மட்டும் பார்த்து சொல்லுங்க. ஏறுச்சுன்னா, ஏறுச்சு, நமக்கு வுழுவலன்னு ஊர்ல சொல்லிடுவன். அதுக்கு மேல ஒண்ணும் வேணாங்க."

அன்று மூன்று கான்ட்ராக்டர்களின் சம்பளப் பட்டியல் மேஜையில் கிடந்தது. உள்ளே போனவை எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. உங்கள் கட்டு வந்தது, டைப் ஆனது, எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அது உண்மைதான். பிறகு அவரிடம் சொன்னேன்: "குலுக்கல்னா அப்படித்தாங்க. சில ஊருக்கு அள்ளிக் குடுக்கும், சில ஊருக்கு ஒண்ணுமே குடுக்காது. அதிர்ஷ்டம்."

அவர் இதையே ஒரு பேப்பரில் எழுதி சீல் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அப்படி எழுதித் தரும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆறு பேருக்கு ஓர் இடம். அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூட விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? தமயந்தி கேட்டதற்குப் பதில் சொல்ல எந்தப் பென்சிலால் கணக்குப் போட்டேனோ, அது என் கையிலேயே இருந்தது. போட்டிருந்தால் இதுவும் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒன்று என்று வந்திருக்கும். ஒரு ப்ரோகிராமர் கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டேன். கரி படிந்த ஒரு மனிதர் கேட்ட கேள்விக்கு அதிர்ஷ்டம் என்று சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை, வேறு ஏதோ வேலையாக வந்த ஒரு யூனியன்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் பஞ்சாயத்து வைத்திருக்கிறார்கள். கலியபெருமாள் கட்டைப் பிரித்து, பாரங்களை வேறு ஊர்க்காரனுக்கு விற்றுவிட்டார் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். ஆபீசிலேயே கேட்டுவிட்டேன், கட்டு வந்தது என்று சொன்னார்கள், அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். எழுதி வாங்கி வந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். கைகலப்பானது. அவருடைய மனைவியின் சொந்தத் தம்பி ஏழுமலை, கையில் கிடைத்த மண்வெட்டிக் காம்பால் முகத்தில் அடித்திருக்கிறான். இடது கண் நசுங்கிவிட்டது. கடலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவர் போனதும் நான் மெஷின் அறைக்குள் போனேன். டைப் செய்து உள்ளே ஏற்றிய பெயர்களை எண்ண வைத்தேன். குலுக்கல் முடிந்து டிஸ்க்கில் இருந்த பெயர்களை எண்ண வைத்தேன். இரண்டும் வேறாக இருந்தன. கழித்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று.

தமயந்தியைக் கூப்பிட்டேன். காரணத்தை அவர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மெஷினுக்கு உண்மையில் குலுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து கணக்குப் போட்டு, தாறுமாறாகத் தெரிகிற எண்களை வரிசையாகத் தரும். அதே தொடக்க எண்ணை மறுபடி கொடுத்தால் அதே வரிசை அப்படியே மறுபடி வரும். பழைய ப்ரோகிராம் ஒவ்வொரு ஊர்க் கட்டையும் ஆரம்பிக்கும்போது, கடிகாரத்தில் அந்த நொடி என்னவோ அதைத் தொடக்க எண்ணாக வைத்துக்கொண்டது. ஒரு கட்டு முடியப் பல நிமிஷம் ஆன காலத்தில் அதில் ஆபத்து இல்லை. இரண்டு கட்டுகள் ஒரே நொடியில் தொடங்க வழியே கிடையாது. நாங்கள் அதை வேகமாக்கினோம். அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். மற்ற ஊர்க் கட்டுகள் பெரியவை, ஒரு நொடியைத் தாண்டின. இரண்டு கட்டுகள் மட்டும் சிறியவை, அடுத்தடுத்து இருந்தன. முதல் கட்டில் எழுபது பேர். அது நொடி மாறுவதற்குள் முடிந்தது. அதே நொடியில் கலியபெருமாளின் கட்டு தொடங்கியது. அறுபத்து மூன்று பேருக்கும், முந்தின ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த அதே எண்கள் வரிசையாகப் போயின. ஒரே எண்ணில் இரண்டு பெயர்களை டிஸ்க் ஏற்காது. இரண்டாவதாக வந்த பெயரை ஒவ்வொன்றாக மறுத்தது. எண் ஏற்கெனவே போயிருந்தால் வேறு எண் எடுத்திருக்கும் அந்தத் தேடலைத்தான் நான் எடுக்கச் சொல்லியிருந்தேன். சத்தமில்லாமல் ஓர் ஊர் முழுவதும் விடுபட்டுப்போனது.

புதியது வேகமாக ஓடுகிறதா, பழையது தந்ததையே தருகிறதா என்று இரண்டு கேள்விகளைத்தான் நான் கேட்டிருந்தேன். பழையது மெதுவாக ஓடியதால் எது நடக்காமல் இருந்தது என்ற மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. யாராவது வேகமாக்கியதை உங்களிடம் கொண்டுவந்தால் அந்த மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, தேவையில்லை என்று தோன்றும் ஒரு வரியை எடுக்கும் முன், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணுங்கள். இதற்குப் பெரிய அறிவு வேண்டாம்.

மேனேஜரிடம் போனோம். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஏழு குடும்பங்கள் அந்த மையத்தை நம்பியிருந்தன. வேலை உத்தரவுகள் ஏற்கெனவே போய்விட்டன. குலுக்கலை ரத்து செய்தால் வேலை கிடைத்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், எங்களுக்கு இனி யாரும் வேலை தர மாட்டார்கள் என்றார். பிறகு, அந்த ஊர்ப் பாரங்கள் கடைசித் தேதிக்குப் பிறகு வந்தன என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். ஒரு வரி போதும். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அந்த ஊரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

நான் என்ன செய்தேன் என்று மறைக்கப்போவதில்லை. என் இடத்துக்கு வந்து, பேப்பரை எடுத்து, அந்த ஒரு வரியை எழுதினேன். கையெழுத்து அழகாகக்கூட இருந்தது. டைப் செய்யத் தமயந்தியிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"பாரம் லேட்டா வந்துச்சுன்னா, கொண்டுவந்து குடுத்தவர் மேலதானே சார் பழி? இதை ஊர்ல காட்டுனா அவருக்கு இன்னொரு கண்ணும் போயிரும்."

குரலை உயர்த்தவில்லை. நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபத்தில் அந்த வரியை அனுப்பியும் இருப்பேன்.

வேறு பேப்பர் எடுத்தேன். நடந்ததை எழுதினேன். தேடலை எடுக்கலாமா என்று ப்ரோகிராமர் என்னிடம் கேட்டார், நான் அனுமதித்தேன், சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான், கலியபெருமாள் அறுபத்து மூன்று விண்ணப்பங்களையும் உரிய நாளுக்கு முன்பே கொடுத்திருக்கிறார், அவர் நேரில் வந்து கேட்டபோதும் நான் பார்க்காமல் பதில் சொன்னேன். மேனேஜரிடம் காட்டாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு மனிதவள அதிகாரியிடம் நானே கொண்டுபோனேன். இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேனேஜரிடம் காட்டினால் என் மனம் மறுபடி மாறிவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலியபெருமாள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே குலுக்கல் ரத்து என்று போர்டில் ஒட்டினார்கள்.

மறுநாள் எங்கள் மையத்தின் கண்ணாடிகள் உடைந்தன. அதை எதிர்பார்த்தோம். எதிர்பார்க்காதது, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒருவர். முதல் குலுக்கலில் பெயர் வந்தவர். அவர் கத்தவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். பெயர் வந்ததை நம்பித் தங்கையைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்களாம், பையன் வீட்டார் இப்போது வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: நான் என்ன தப்பு செய்தேன்? அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருக்கு வந்தது நியாயமாக வந்த எண்தான். ஓர் ஊரே உள்ளே இல்லாமல் நடந்த குலுக்கலில் வந்தது என்பது மட்டும்தான் குறை. இதை அவருக்குச் சொன்னேன். அவர் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது குலுக்கலைப் பழைய ப்ரோகிராமிலேயே ஓட்டினோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெயிலில் நின்றவர்கள் ஒருவரும் நகரவில்லை. இந்தத் தடவை உள்ளே ஏறிய எண்ணிக்கையையும் வெளியே வந்த எண்ணிக்கையையும் முதலில் ஒலிபெருக்கியில் வாசித்தோம். குறிஞ்சிப்பாடிக்காரர் பெயர் வரவில்லை. காடாம்புலியூர் பக்கத்துக் கிராமத்துக்கு ஒன்பது பெயர்கள் வந்தன. அதில் ஏழுமலையின் பெயர் இருந்தது. கலியபெருமாளின் பெயர் இல்லை.

எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரையாவது வேலையிலிருந்து அனுப்பியாக வேண்டும் என்று வந்தபோது தமயந்தியை அனுப்பினார்கள். என் கடிதத்தில் எழுதியிருந்தது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் என்னை வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மீதியிருந்த சம்பளப் பட்டியல்களைப் போட என் ஒருவனுக்குத்தான் தெரியும். அவருக்காக நான் மேனேஜரிடம் போய்ப் பேசினேன். ராஜினாமா செய்யவில்லை. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தமயந்தி விருதுநகருக்குத் திரும்பிப்போய், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் ஒரு ப்ரோகிராமும் எழுதியதாகத் தெரியவில்லை. நான் பார்த்தவர்களில் அவரைப் போல எழுதியவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

இரண்டாவது குலுக்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து, கலியபெருமாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பண்ருட்டி பஸ்ஸில் போய், இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக நடக்க வேண்டும். வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். தொடக்க எண், நொடி என்றெல்லாம்கூட ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

"எனக்குத் தெரியுங்க, நான் குடுத்தன்னு. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? ஊர்ல சொல்லிட்டுப் போறீங்களா?"

சொன்னேன். வீடு வீடாகப் போனேன். அறுபத்து மூன்று வீடுகளுக்கும் போக முடியவில்லை. சிலர் ஷிப்ட்டில் இருந்தார்கள், சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். உங்க பாரத்தை அவர் ஒழுங்கா கொண்டுவந்து குடுத்தார், தப்பு எங்க ஆபீஸ்ல, தப்பு பண்ணது நான். சிலர் திட்டினார்கள். ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினார். பெரும்பாலானவர்கள் சரிங்க என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்கள். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக ஏழுமலை வீட்டுக்குப் போனேன். அடித்ததற்காக அவன் மேல் கேஸ் எதுவும் இல்லை; கலியபெருமாளின் மனைவி, தன் தம்பி என்பதால், கீழே விழுந்து அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருந்தார். அவன் வெளியே வந்தான். நான் நினைத்ததைவிடச் சின்னவன், முப்பதுகூட இருக்காது. மறுநாள் வேலைக்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போக வேண்டியவன், அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"மாமா அன்னிக்கு உங்ககிட்ட வந்து கேட்டாராமே. நெசங்களா?"

கேட்டார் என்றேன்.

"அன்னிக்கே பார்த்து சொல்லியிருக்கலாமில்லீங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை. அடுத்த பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.